ஒரே ஆளின் இரண்டு பெயர்கள்

அந்தப் பிள்ளை என்னிடம் வந்தது தன் விவாகப் பதிவை மொழிபெயர்க்கத்தான். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள். அங்கே செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் வேலை பார்த்தவள். பாரிசின் புறநகரான சார்செலில் இருக்கும் ஒருவரை யாழ்ப்பாணத்தில் வைத்துக் கலியாணம் முடித்து, பாரிசுக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிரெஞ்சு இன்னும் வாய்க்கு வரவில்லை. தமிழ் மட்டும் தாயின் வாயிலிருந்து அப்படியே எடுத்தது போல இருந்தது.

என் அலுவலகம் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு காய்கறிக் கடைக்கு மேலே, முதலாம் மாடியில் இருக்கிறது. மேம்பாலத்தில் மெத்ரோ போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிவான மொழிபெயர்ப்பாளர் நான். இருபத்திரண்டு வருடமாகப் பிறப்பு, விவாகம், மரணம் என்ற மூன்று சான்றிதழ்களுக்குள்தான் என் பிழைப்பு. என் முத்திரை விழுந்த தாளை இதுவரை எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பியதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

நான் தட்டச்சு செய்துகொண்டிருக்க, அவள் மேசை ஓரத்தில் கிடந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். என் கணவர் கொண்டுவந்து வைத்தது. லா கூர்னெவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழும் சங்கீதமும் சொல்லிக்கொடுக்கும் சங்கம் ஒன்றுக்கு அவர்தான் செயலாளர். புதிதாக மிருதங்க ஆசிரியர் ஒருவர் கிடைத்திருந்தார். நோட்டீஸில் அவருடைய படம்.

“அன்ரி,” என்றாள். குரல் மாறியிருந்தது. “இது எப்பிடி இஞ்சை வந்தது?”

“என்ரை மனுசன் வைச்சவர். ஏன் பிள்ளை?”

“இந்த ஆளை எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குப் படிப்பிச்சவரோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

“என்ரை தம்பிக்குப் படிப்பிக்க வீட்டை வந்தவர். எனக்கு அப்ப பதினொரு வயசு.” படத்தின் மேல் விரலை வைத்தாள். “கோட்டிலை தீர்ப்பு வந்தது, அன்ரி. ரெண்டரை வருசம் சிறையிலை இருந்தவர். நான்தான் சாட்சி சொன்னனான்.”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்தேன். அவள் அழவில்லை. நோட்டீஸை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “இப்ப எத்தினை பிள்ளையள் அவரிட்டைப் படிக்கினம்?” என்று கேட்டாள்.

அதைச் சொன்ன பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். அந்த இடத்திலேயே அவள்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது.

“பதினாறு பேர். வகுப்பு சனிக்கிழமை. துவங்கி இன்னும் ஒரு மாசமும் ஆகேல்லை.”

“இண்டைக்குச் செவ்வாய்,” என்றாள், விரலில் எண்ணுவது போல.

என் நிலைமை இக்கட்டாகிவிட்டது. என் தொழிலில் அலுவலகத்துக்குள் கேட்டது வெளியே போகக்கூடாது. சத்தியம் செய்ததில் அதுவும் அடக்கம். ஆனால் நோட்டீஸை அச்சடித்தவரோடு நான் ஒரே வீட்டில் இருக்கிறேன். “நான் என்ரை மனுசனுக்குச் சொல்லலாமோ?” என்று அவளிடமே கேட்டேன்.

“இல்லை அன்ரி. நானே சொல்லுறன். சனிக்கு முன்னம் சொல்லுறன். அதுக்கு முதல் சட்டம் தெரிஞ்ச ஒராளை எனக்குக் காட்டுங்கோ. தீர்ப்பு என்னட்டை இருக்கு. கலியாணம் முடிச்சு வரேக்கை அம்மா அதை எடுத்துக்கொண்டு போகவேண்டாம் எண்டவ. நான் சூட்கேசுக்கு அடியிலை வைச்சுக் கொண்டு வந்தனான்.”

“உங்கடை அவருக்குத் தெரியுமோ?”

“ஓம். கலியாணத்துக்கு முன்னமே சொல்லிப்போட்டன். தெரியாமல் செய்யவேண்டாம் எண்டு.”

அன்று பின்னேரம் திரான்சியில் எங்கள் வீட்டில் கணவர் மிருதங்க வகுப்பைப் பற்றித்தான் பேசினார். யாரையும் உடனே நம்பிவிடுகிற ஆள் இல்லை அவர். ஆசிரியராக வருகிறவர்களிடம் குற்றப்பதிவுச் சான்று கேட்கும் வழக்கத்தைச் சங்கத்தில் ஏற்படுத்தியவரே அவர்தான். அதை இங்கே எல்லோரும் காசியே என்பார்கள். தண்டனை ஏதும் இல்லாவிட்டால் அந்தத் தாளில் ‘நெயாந்’, அதாவது ‘ஒன்றுமில்லை’ என்று ஒரே சொல் இருக்கும். மிருதங்க ஆசிரியரும் அப்படியொரு தாளைச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து கொடுத்திருந்தார். “கேட்ட அடுத்த கிழமையே தந்திட்டார் மனுசன்,” என்று கணவர் சொல்லிக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். நான் குழம்பை ஊற்றினேன். முப்பது வருட வாழ்க்கையில் அவரைப் பாதிக்கும் ஒன்றை அவரிடம் மறைத்துக்கொண்டு முதன்முதலாகச் சாப்பிட்டது அந்த மூன்று நாட்கள்தான்.

மறுநாள் இலவச சட்ட ஆலோசனை கொடுக்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பு சில வழக்குகளில் நான் தமிழ் மொழிபெயர்த்துக் கொடுத்த பெண் வழக்கறிஞர் அவர். கெட்டிக்காரி, அவசரப்படாதவர். ஜெர்மன் தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தார். ஜெர்மன் தெரிந்த என் சக மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு அங்கிருந்தே பிரதி அனுப்பினோம்; முக்கியமான பக்கங்களை அடுத்த நாளே தருவதாகச் சொன்னார்.

வழக்கறிஞர் விளக்கியதை நான் தமிழில் அவளுக்குச் சொன்னேன். பிள்ளைகளுக்கு எதிரான இப்படிப்பட்ட குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பிரான்சில் ஒரு தனிப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் ஏறினால், வருடத்துக்கு ஒரு தடவையாவது தன் முகவரியை உறுதி செய்ய வேண்டும். வீடு மாறினால் பதினைந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும். வேறு நாட்டு நீதிமன்றம் கொடுத்த தண்டனையும் அதில் ஏறலாம். ஆனால் அது நாட்டிடமிருந்து நாட்டுக்கு, ஒப்பந்தப்படி, அதிகாரபூர்வமாக வந்து சேர வேண்டும்.

“இவர் தண்டனை பெற்றபோது இலங்கைக் குடிமகன். வாழ்ந்தது ஜெர்மனியில். அவர் பிற்காலத்தில் பிரான்சுக்கு வருவார் என்று ஜெர்மனிக்கு எப்படித் தெரியும்? பிரான்சும் கேட்கவில்லை, கேட்கக் காரணமில்லை. அதனால்தான் இங்கே தாள் வெள்ளையாக இருக்கிறது,” என்றார் வழக்கறிஞர்.

“நான் இந்தத் தீர்ப்பைக் குடுத்தால் பதிவினமோ?” என்று பிள்ளை கேட்டாள்.

“உங்கள் கையால் கொடுத்துப் பதிய முடியாது. அரச வழக்குத்தொடுநருக்கு எழுதலாம். அவர் ஜெர்மனியிடம் கேட்பார். பல மாதம் பிடிக்கும். முடிவு என்ன என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.” பிறகு பேனாவை மூடிவிட்டு நேராக அவளைப் பார்த்தார். “இன்னொன்று. இதைத் தொலைபேசிக் குழுக்களில் போடாதீர்கள். அவருடைய படத்தைக் கடைகளில் ஒட்டாதீர்கள். கோபம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். சங்கத்துப் பொறுப்பாளர்களிடம் மட்டும் சொல்லுங்கள்.”

“எனக்கு அவரை அடிக்கிற எண்ணம் இல்லை அன்ரி,” என்று அவள் வெளியே வந்து சொன்னாள். “அவர் எங்கை இருக்கிறார் எண்டு தெரியவேண்டிய ஆக்களுக்குத் தெரிஞ்சால் போதும். ஜெர்மனியிலை தெரிஞ்சுது. ரெயின் ஏறினவுடனை இல்லாமல் போச்சு.”

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் அலுவலகத்தில் நான்கு பேர் கூடினோம். நான், அவள், என் கணவர், சங்கத் தலைவர். தலைவர் லா சப்பலில் நீண்டகாலமாகச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். நல்ல மனிதர், ஆனால் சங்கத்தின் பெயருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் தாங்கமாட்டார். ‘ஒரு முக்கிய விசயம்’ என்று மட்டும் சொல்லித்தான் இருவரையும் வரவழைத்திருந்தேன்.

அவள் எழுந்து நின்றுகொண்டே சொன்னாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என்ன நடந்தது என்பதை ஒரே வசனத்தில் சொன்னாள். எந்த நகரத்து நீதிமன்றம், எத்தனை வருடத் தண்டனை என்று சொன்னாள். தீர்ப்பையும், மொழிபெயர்த்த பக்கங்களையும் மேசையில் வைத்தாள்.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். பிறகு கணவரிடமிருந்த கோப்பை வாங்கி, ஆசிரியர் கொடுத்த காசியேயைத் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அவளிடமிருந்த தீர்ப்புப் பிரதியில் பிறந்த திகதியும் ஊரும் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன.

“தங்கச்சி, கோவிக்காதேங்கோ. இது வேறை ஆள். பேரைப் பாருங்கோ. இதிலை இருக்கிற குடும்பப் பேர் வேறை, அதிலை வேறை.”

“ஆள் அவர்தான்,” என்றாள் அவள்.

“பதினைஞ்சு, பதினாறு வருசம் போச்சு. ஒரு நோட்டீஸ் படத்தை வைச்சு ஒரு குடும்பஸ்தனை இப்பிடிச் சொல்லலாமோ?”

“அண்ணை, அந்த முகத்தை நான் கோட்டிலை நாலு நாள் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அப்போதுதான் நான் காசியேயில் இருந்த பெயரை முதல் தடவையாக முழுதாக வாசித்தேன். நோட்டீஸில் மேடைப் பெயர் மட்டுமே இருந்தது. ஆளின் முகம் எனக்கு நினைவில் இல்லை, ஆனால் இந்தப் பெயரை நான் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய பிறப்புச் சான்றை மொழிபெயர்த்தது நான்தான். என் முத்திரையைக் கொண்டுதான் அவர் இந்த நாட்டில் தன் பத்திரங்களை எடுத்திருந்தார். 

அந்தச் சான்றின் கீழ் நான் எழுதியிருந்த பெயர்க் குறிப்பைச் சொன்னால் அந்த இடத்திலேயே வாக்குவாதம் முடிந்துவிடும். ஆனால் அவரும் என்னிடம் வந்த ஒரு வாடிக்கையாளர். அவருடைய தாளை நான் இன்னொருவருக்குக் காட்ட முடியாது.  தலைவர் என் பக்கம் திரும்பி, “நீங்களாவது சொல்லுங்கோ. ரெண்டும் ஒரு பேரோ?” என்றார்.

“என்னாலை சொல்ல ஏலாது, அண்ணை,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை நெஞ்சில் குத்தியது. கைவிட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

அப்போது என் கணவர் பேசினார். கூட்டங்களில் கடைசியில்தான் பேசுவார்; பேசினால் மெதுவாகப் பேசுவார். “அண்ணை, இந்தத் தாளைக் கேட்டு வாங்கினது நான். நெயாந் எண்டு இருந்ததைப் பாத்துச் சந்தோசப்பட்டதும் நான்தான். இது பிரான்சுக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் சொல்லுது எண்டு எனக்கு இப்பதான் விளங்குது. சனிக்கிழமை வகுப்பு இல்லை. இந்தப் பிள்ளை சொல்லுறது பிழையெண்டால், நான் அந்த ஆளின்ரை வீட்டை போய் மன்னிப்புக் கேக்கிறன். சரியெண்டால், வகுப்பை நடத்திப்போட்டு நாங்கள் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். காசியேயை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். அது சம்மதம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கணவர் மண்டப வாசலில் நின்றார். ஆசிரியர் மிருதங்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நடந்ததைக் கணவர் வீட்டுக்கு வந்து எனக்குச் சொன்னார். “இனி நீங்கள் முந்தி இருந்த நாடுகளிலை இருந்தும் காசியே எடுத்துத் தரவேணும், அதுவரைக்கும் வகுப்பு இல்லையெண்டு சொன்னன். மனுசன் ஒண்டும் கேக்கேல்லை. எந்த நாடு எண்டும் கேக்கேல்லை, ஏன் எண்டும் கேக்கேல்லை. திரும்பிப் போயிட்டார்.” சொல்லிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

அதற்கு முதல்நாளே நான் வழக்கறிஞரிடம் என் இக்கட்டைச் சொல்லியிருந்தேன். “நீங்கள் செய்தது சரி,” என்றார் அவர். “யாருக்கும் காட்டாதீர்கள். அந்தப் பெண்ணுக்கும் சொல்லாதீர்கள். வழக்குத்தொடுநருக்கு மட்டும், ஆள் அடையாளம் பற்றி உதவக்கூடிய ஆவணம் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். அவர்கள் உத்தரவோடு வந்து கேட்டால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.” பிள்ளையின் கடிதமும் என் கடிதமும் தனித்தனியே, பதிவுத் தபாலில், ஒரே நாளில் போயின.

பிறகு வந்த வாரங்கள்தான் கடினமானவை. ஆசிரியர் ஏன் நின்றார் என்று பெற்றோர் கேட்டார்கள். சங்கம் காரணம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண் வந்து ஏதோ முறையிட்டாள் என்ற கதை மட்டும் எப்படியோ கசிந்தது. கடைகளில், ரெயினில், கோயில் வாசலில் கதை வளர்ந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த பெட்டைக்குப் புத்தி சரியில்லையாம். பழைய காணிப் பகையாம். அருமையான கலைஞனை அநியாயமாக வெளியே போட்டுவிட்டார்களாம். என் அலுவலகத்தில் காத்திருந்த ஒரு பெண்மணி இதையெல்லாம் என்னிடமே சொன்னார். நான் அவருடைய மகனின் பிறப்புச் சான்றில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை ஒருநாள் தன் விவாகப் பதிவை வாங்க வந்தாள். மெலிந்திருந்தாள்.

“அன்ரி, நீங்கள் என்னை நம்புறீங்களோ?”

“நம்புறன் பிள்ளை.”

“அப்ப ஏன் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை?”

“சொல்ல ஏலாத ஒண்டு இருக்கு. அது உங்களுக்கு எதிரானது இல்லை. இவ்வளவும்தான் என்னாலை சொல்ல முடியும்.”

விவாகப் பதிவைப் பைக்குள் வைத்தாள். “சரி,” என்றாள். “அம்மா நேற்றுப் போன் எடுத்தவ. ஏன் கிண்டுறாய், புருசன் வீட்டு ஆக்களுக்கு முன்னாலை தலைகுனியப் போறாய் எண்டவ. நான் சொன்னன், தலைகுனிய வேண்டியது நான் இல்லையெண்டு. போனை வைச்சிட்டா.”

ஆறாவது வாரம் இரண்டு பொலிஸ் அதிகாரிகள் மாடிப்படி ஏறி வந்தார்கள். ஒருவர் நடுவயதுப் பெண். உத்தரவுத் தாளை நீட்டினார். நான் அதை இரண்டு முறை வாசித்தேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். செய்த ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் பிரதியையும் வருட வாரியாக வைத்திருக்கிறேன்.

இங்கே எங்கள் பெயர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு பெட்டி, முதற்பெயருக்கு ஒரு பெட்டி. எங்களுக்கு இருப்பதோ அப்பாவின் பெயரும் தன் பெயரும். எதை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்பதை எங்கேயோ ஒரு கந்தோரில், அலுவலக மேசையில் இருக்கும் ஒருவர் அவசரத்தில் தீர்மானித்துவிடுவார். ஒரு நாட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகும். அடுத்த நாட்டில் அதே மனிதருக்கு அது முதற்பெயராகும். ழகரத்தை ஒருவர் ஒரு விதமாக எழுதுவார், இன்னொருவர் வேறு விதமாக. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர் இருப்பதைக் கண்டிருக்கிறேன். அதனால் நான் மொழிபெயர்க்கும் எந்தப் பிறப்புச் சான்றின் கீழும் ஒரு குறிப்பு எழுதுவேன்: தமிழ் வழக்கில் தந்தையின் பெயர் முன்னால் வரும், இந்த நபரின் பெயர் வேறு ஆவணங்களில் இடம் மாறியும், இன்னின்ன எழுத்துக்கூட்டலிலும் காணப்படலாம். எழுத்துக்கூட்டல்களையும் வரிசையாகப் போடுவேன். யாரும் கேட்காத வேலை. “இதுக்கு ஆர் உமக்குக் காசு தருகினம்?” என்று கணவர் பகிடி பண்ணுவார். ஒரு கந்தோரில் இருந்தவர் ஒருமுறை, உங்கள் குறிப்பு சான்றிதழை விட நீளம் என்று சலித்துக்கொண்டார்.

அந்த அதிகாரி என் பிரதியையும், ஜெர்மன் பொலிஸ் அனுப்பியிருந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறந்த திகதி ஒன்று. பிறந்த ஊர் ஒன்று. என் குறிப்பில் மூன்றாவதாக இருந்த எழுத்துக்கூட்டல், ஜெர்மன் தீர்ப்பில் இருந்த பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

“இந்தக் குறிப்பை எல்லோருக்கும் எழுதுவீர்களா, மேடம்?”

“எல்லோருக்கும்.”

“இனியும் எழுதுங்கள்,” என்றார்.

அவர்கள் இறங்கிப் போனபின் நான் ஜன்னலைத் திறந்துவிட்டு நின்றேன். கீழே வாழைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ முறை பாராட்டுப் பெற்றிருக்கிறேன். சங்க விழாவில் பொன்னாடைகூடப் போர்த்தியிருக்கிறார்கள். அந்தப் பெண் அதிகாரியின் இரண்டு சொல்லுக்கு ஈடாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஏழெட்டு மாதம் ஓடியது. பொலிஸ் பெற்றோர்களையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியது. பதினாறு பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தபோது என் கணவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

பிறகு சங்கத்துக்கு, செயலாளர் பெயரில், வழக்குத்தொடுநரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளோடு வேலை செய்யும் இடங்களுக்கு அப்படி எழுத அவருக்குச் சட்டத்தில் இடமுண்டு. வாசிக்கிறவர்கள் அதை வெளியே சொல்லக்கூடாது. கணவர் கடிதத்தை வாசித்தார், மடித்தார், மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார்.

“கடிதம் வந்திட்டுது,” என்றார்.

“என்ன எழுதியிருக்கினம்?”

“உமக்குச் சொல்ல ஏலாது,” என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். மூன்று நாள் நான் அவருக்குச் செய்ததை அவர் எனக்குத் திருப்பிச் செய்கிறார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது.

வழக்கறிஞரும் பிள்ளையைக் கூப்பிட்டார். பதிவேடு யாரும் திறந்து பார்க்கக்கூடிய புத்தகமில்லை, அதில் யார் பெயர் இருக்கிறது என்று தான் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஜெர்மனியிலிருந்து பதில் அதிகாரபூர்வமாக வந்துவிட்டது, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று உறுதியாகிவிட்டது, செய்யவேண்டியதைச் சட்டம் செய்திருக்கிறது என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தன் கைப்பையின் வாரைப் பிடித்திருந்தாள். “அப்ப இனி அவர் வீடு மாறினால்?” என்றாள். “அப்படிப்பட்ட ஒருவர் வீடு மாறினால் பதினைந்து நாளுக்குள் சொல்லியே ஆகவேண்டும்,” என்றார் வழக்கறிஞர். “சொல்லாமல் விட்டால் அதுவே புதுக் குற்றம்.” பிள்ளை தலையாட்டினாள். வெளியே வந்து, தெருவோரம் நின்று, முதன்முறையாக அழுதாள். நான் அவளை அணைத்துக்கொண்டேன்.

தலைவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மனைவியோடு சார்செலுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கடையிலிருந்து ஒரு பெரிய சட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி கொண்டுபோனார் என்பது தெரியும். வதந்தி பேசியவர்களில் இரண்டொருவர் வருந்தினார்கள். மற்றவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். காணிப் பகை என்று என்னிடம் சொன்ன பெண்மணி இன்னும் என்னைக் கண்டால் அடுத்த நடைபாதைக்கு மாறிவிடுகிறார்.

அடுத்த வசந்தத்தில் சங்கத்தின் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதற்குள் பிள்ளை செயற்குழுவில் சேர்ந்திருந்தாள். கேட்டது என் கணவர். உடனே ஓம் என்றவள் அவள். அவள் எழுதிய விதி எளிமையானது. பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்க வருகிற எவரும், பதினெட்டு வயதுக்குப் பிறகு தான் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்று கொண்டுவர வேண்டும். அந்த நாட்டில் தன் பெயர் எப்படி எழுதப்பட்டதோ அந்தப் பெயரிலேயே கொண்டுவர வேண்டும். ‘அந்தப் பெயரிலேயே’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது நான். இப்போது கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் சான்றுகள் வருகின்றன. ஆங்கிலத்தில் வருபவை வேறு மொழிபெயர்ப்பாளரிடம் போகின்றன. தமிழில் இருப்பவை என் மேசைக்கு வருகின்றன. வேறு இரண்டு சங்கங்களும் அந்த விதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கின்றன.

கூட்டத்தன்று அவளுடைய தாய் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார். சிறிய உருவம், சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். மேடையில் மகள் ஒலிவாங்கியைப் பிடித்தபோது அவருடைய கைகள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தன. மகள் அந்த ஆளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விதியை மட்டும் விளக்கினாள். முதலில் தமிழில், பிறகு, தட்டுத்தடுமாறி, தமிழ் விளங்காத இளம் பெற்றோருக்காகப் பிரெஞ்சில். ஒரு தகப்பன் எழுந்து, “இவ்வளவு கெடுபிடி தேவையோ? எல்லாரும் எங்கடை ஆக்கள் தானே?” என்றார்.

“ஓம் அண்ணை, பிள்ளையளும் எங்கடை ஆக்கள்தான்,” என்றாள் அவள். “நானே என்ரை ஜெர்மன் சான்றைத்தான் முதல்லை குடுத்திருக்கிறன். செயலாளர் அண்ணையும் குடுத்திட்டார்.”

கை உயர்த்தச் சொன்னார்கள். அந்தத் தகப்பனும் கொஞ்சம் தாமதித்து உயர்த்தினார்.

எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “நல்லாக் கதைக்குது. ஆரின்ரை பிள்ளை உது?” என்று கேட்டார். தாய் திருகிக்கொண்டிருந்த தலைப்பை விட்டார். கதிரையில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“என்ரை மூத்த மகள்,” என்றார். மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.